கலமும் கையொப்பமும்: பெர்னார்டு லீச்சின் குயத்தொழிற் கோட்பாடு – ஒரு மதிப்பீடு

ஒரு கலத்தின் சிறப்பு அதன் வடிவில் உள்ளதா, பயனில் உள்ளதா, வனைந்தவரின் பெயரில் உள்ளதா? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவை வலுவாக எழுப்பியவர்களுள் ஒருவர் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்டு லீச் (1887–1979). 1940இல் வெளிவந்த அவரது 'எ பாட்டர்ஸ் புக்' மண், மெருகு, சூளை ஆகியவற்றை விளக்கும் தொழில்நூல். அதே வேளையில் கலங்களை மதிப்பிட அளவுகோல் வகுக்கும் திறனாய்வு நூலுமாகும். அவ்வளவுகோலும் அவர்தம் பட்டறை நடைமுறையும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஹாங்காங்கில் பிறந்த லீச், 1909இல் செதுக்கோவியக் கலைஞராக ஜப்பான் சென்றார். 1911இல் நண்பர்கள் கூடிய இடத்தில், தாம் வண்ணந்தீட்டிய கலம் அங்கேயே சுடப்பட்டு வெளிவரக் கண்டு குயத்தொழிலின்பால் ஈர்க்கப்பட்டார். ஆறாம் கென்சானிடம் பயின்றபின், 1920இல் ஹமாடா ஷோஜியுடன் இங்கிலாந்து திரும்பிக் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்சில் பட்டறை நிறுவினார்.

1925ஆம் ஆண்டளவில் யானகி சோயெட்சு, ஹமாடா, கவாய் கன்ஜிரோ ஆகியோர் 'மிங்கெய்' (மக்கள் கைவினை) என்னும் சொல்லை உருவாக்கினர். பெயரறியாக் கைவினைஞர் அன்றாடப் பயனுக்காக மலிவாகவும் மிகுதியாகவும் செய்யும் பொருள்களிலேயே உண்மையான அழகு உறைகிறது என்பது யானகியின் கொள்கை. லீச்சின் நூலுக்கு முன்னுரை வழங்கியோருள் அவரும் ஒருவர். லீச் சீனத்தின் சுங் காலக் கலங்களைத் தம் உயர் அளவுகோலாகக் கொண்டார். மண்ணின் இயல்பு மறையாமை, வடிவும் பயனும் ஒன்றுதல், மெருகு கலத்தோடு இயைதல் என அவர் நோக்கைச் சுருக்கலாம்.

இந்நோக்கின் வலிமை, அது அழகைக் கையாலும் சோதிக்கச் செய்வதில் உள்ளது. ஒரு சாடியின் மூக்கு, ஊற்றி நிறுத்தியதும் துளி வழியாமல் நீரை அறுத்துவிட வேண்டும். அதன் கைப்பிடி, சாடி நிறைந்திருக்கும்போது எடையைத் தாங்கும் இடத்தில் அமைய வேண்டும். இவ்விரண்டிலும் தவறிய சாடியை எத்துணை அழகிய மெருகும் காப்பாற்றாது.

எனினும் பட்டறையின் வரலாறு ஒரு முரண்பாட்டைக் காட்டுகிறது. 1930களில் லீச்சின் மகன் டேவிட் லீச், ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் தொழிற்கல்வி பெற்று வந்து பட்டறையைச் சீரமைத்தார். அப்பதிற்றாண்டின் இறுதி தொட்டுச் சமையலுக்கும் உணவுக்கும் உரிய கலங்கள், வரையறுத்த அளவுகளில் குழுவினரால் மீண்டும் மீண்டும் வனையப்பட்டன. இவை பட்டறை முத்திரையை மட்டுமே தாங்கின. லீச் தாமே வனைந்த தனிக்கலங்களோ அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிக் காட்சிக்கூடங்களுக்குச் சென்றன. கோட்பாடு போற்றிய பெயரறியாக் கைவினைஞர் பயிற்சியாளராக அவர் அருகிலேயே இருந்தார். புகழோ கோட்பாட்டை எழுதியவரைச் சேர்ந்தது.

ஹமாடாவின் நிலையும் முழுதும் வேறன்று. மஷிகோவில் வனைந்த கலங்களில் அவர் பெயர் பொறிப்பதில்லை. ஆனால் அவற்றை வைக்கும் மரப்பெட்டிகளில் கையொப்பமிட்டார். பெயர் கலத்தை விட்டு நீங்கிப் பெட்டியில் ஏறிக்கொண்டது எனலாம். 1998இல் லீச்சைப் பற்றி நூலெழுதிய குயவர் எட்மண்ட் டி வால், லீச் கண்ட ஜப்பான் கற்றோர் குழு ஒன்றின் ஜப்பானே என்று வாதிட்டதும் இங்குக் கருதத்தக்கது.

இம்மரபு இந்தியாவையும் எட்டியது. 1919இல் ஜப்பான் சென்ற குர்சரண் சிங், லீச்சின் நண்பர் குழுவோடு பழகி, பின்னர் தில்லியில் பட்டறை நிறுவினார். ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் இணைந்து 1971இல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' பட்டறையைத் தொடங்கினார். ஆனால் இந்நாட்டில் பெயரின்மை என்பது குயவர் விரும்பி ஏற்ற நெறியன்று. பிறப்புவழித் தொழில் செய்தோர் மீது சமூகம் சுமத்திய நிலை. தம் பெயரைத் துறத்தல், பெயர் உடையவர்க்கே இயலும். இவ்வேறுபாட்டைக் காணாமல் மிங்கெய்க் கொள்கையை இங்குப் பொருத்துவது, வறுமையை அழகென மயங்குவதாக முடியும்.

ஆகவே, லீச் வகுத்த அளவுகோலைக் கலத்திற்குக் கொள்ளலாம். கலைஞரைக் குறித்த அவர் வழிக் கருத்தைத் திருத்தியே கொள்ளவேண்டும். பயன்கலம் உயர்கலைக்கு நிகர் என்று ஏற்போர், அதனை நாள்தோறும் வனைபவரின் பெயரையும் கூலியையும் ஆய்வில் சேர்த்தல் கடனாகும்.