அப்பாவும் விண்வெளி வீரரும்

கெடாவின் சுங்கை லாலாங்கிலிருந்து பார்த்தால் ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம் யான். அங்குள்ள சுங்கை லீமாவ் கம்பத்தில் 1936-இல் பிறந்தவர் ஓவியர் இப்ராஹிம் உசேன். லண்டனில் படித்து, அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கெடா ஓவியர் என்றாலே வயலும் தென்னையும்தான் என்று நம்புகிறவர்கள் அவருடைய 'என் தந்தையும் விண்வெளி வீரரும்' (1970) படத்தைப் பார்க்க வேண்டும்.

நிலவில் மனிதன் கால் வைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. உலகமே பத்திரிகையில் பார்த்துச் சலித்த விண்வெளி உடைக்குப் பக்கத்தில், எந்தப் பத்திரிகையிலும் வராத தன் கம்பத்து அப்பாவை நிறுத்தினார் இப்ராஹிம். நியூயார்க்கின் பாப் ஓவியம் விளம்பரத்தையும் நட்சத்திரங்களையும் ஒட்டாமல் பார்த்தது. அதே உத்தி இவர் கையில் பாசமாகிறது. இவருக்கு முந்திய தலைமுறையின் அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ், பெட்ரோல் பம்பையும் கடைப் பலகையையும் ஜாஸ் தாளத்தில் வண்ணத் துண்டுகளாக்கினார். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அந்தத் தெருவில் ஆளைக் காணோம். இப்ராஹிமிடம் ஆள் இருக்கிறார்.

துணிச்சலும் இருந்தது. 1969 மே 13 இனக் கலவரத்தைச் சொல்ல, தேசியக் கொடியையே கருமையில் மூழ்கடித்தார்.

குறை எங்கே? இரண்டு உருவங்களை அருகருகே வைத்தாலே பொருள் பிறந்துவிடும் என்று அவர் நம்பிவிடுகிறார். கெடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் ஓடியது வெறும் வியப்பு அல்ல, ரப்பர் பால். நம் பக்கத்து பீடோங் ஹார்வர்டு தோட்டம் ஒரு காலத்தில் அமெரிக்க ரப்பர் நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. டேவிஸ் வரைந்த நகரத்தில் உருண்ட டயர்களுக்காக விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்களும் அப்பாக்கள்தாம். அந்தக் கணக்கு இந்தப் படத்தில் இல்லை.

பிற்காலப் படங்களில் மனித உடல்கள் மெல்லிய கோடுகளாகப் பின்னி நெளிகின்றன. கைத்திறன் அபாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உடல்களுக்கு ஊர் இல்லை, முகம் இல்லை. பெரிய கூடத்துச் சுவருக்கு எடுப்பாக இருக்கும். பார்ப்பவனை எதுவும் கேட்காது. என் கணக்கில், 1969, 1970 ஆண்டுகளின் இப்ராஹிமே பெரிய ஓவியர்.

விடுபட்ட அந்தத் தோட்ட லயத்து அப்பாக்களை இனி நம் பிள்ளைகள்தாம் வரைய வேண்டும். பெற்றோரே, ஓவிய வகுப்பு நேரத்தைக் கணக்கு டியூஷனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.