கொண்டையராஜுவின் காலண்டர் ஓவியங்கள்

சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர். தெய்வப் படங்களுக்காக அறியப்பட்டவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். ரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கினார். பின்னர் நாடகக் குழுவில் திரைச்சீலை வரைந்தார். கோவில்பட்டியில் நிலைகொண்டபின் மாணவர்களை உருவாக்கினார், அவர்களில் டி.எஸ். சுப்பையா குறிப்பிடத்தக்கவர். சிவகாசி அச்சகங்கள் இவர்களின் படங்களைக் காலண்டர்களாக அச்சிட்டுப் பரப்பின.

பார்வைச் சூழல்

கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மண் காலில் அப்பும். காட்டு வேலை நின்றுவிடும். வீட்டில் அடைந்திருக்கும் அந்நாட்களில் கண்ணெதிரே இருந்த ஓவியம் காலண்டர் படமே. மழைநாளில் அருங்காட்சியகம் செல்பவர் ஒரு படத்தின்முன் சில நிமிடங்கள் நிற்பார். இங்கே ஒரே படம் ஆண்டு முழுவதும் பார்க்கப்பட்டது. தேதித்தாள்கள் தீர்ந்தபின் சட்டமிடப்பட்டுப் பூஜைக்கும் சென்றது. அந்த நீண்ட பார்வையைத் தாங்குகிறதா என்பதே இப்படங்களை மதிப்பிடும் முதல் அளவுகோல்.

கலைப்பண்பு

கொண்டையராஜுவின் தெய்வங்கள் பெரும்பாலும் பார்ப்பவரை நேர்நோக்கி இருப்பவை. ரவிவர்மாவின் புராணக் காட்சிகளில் கதையின் ஒரு கணம் நிகழ்கிறது. கொண்டையராஜுவிடம் நிகழ்ச்சி குறைவு. இருப்பும் அருளும் மட்டுமே உள்ளன. பின்னணியில் வரும் தூண், வளைவு, திரை ஆகியவை நாடக மேடையை நினைவூட்டுகின்றன. மேடைத்திரை விளக்கொளியில் தொலைவிலிருந்து பார்க்கப்படுவது. எனவே தெளிவான விளிம்பும் அழுத்தமான வண்ணமும் அதற்குத் தேவை. அதே பண்புகளால் சிறிய சன்னல் கொண்ட வீட்டில், மேகமூட்டமான பகலிலும் இப்படங்கள் துலங்கின.

இவற்றின் எல்லையும் இங்கேயே உள்ளது. முகங்கள் பல ஒரே வார்ப்பில் அமைந்தவை. வயதும் துயரும் அவற்றில் படிவதில்லை. தெய்வத்தின் சினமும் இனிமைக்குள் அடங்கிவிடுகிறது.

மதிப்பீடு

நவீன ஓவிய விமர்சனத்தில் ‘காலண்டர் படம்’ என்பது வசைச்சொல்லாகவே புழங்கியது. அந்த வசையில் ஓவியரின் பங்கும் அச்சகத்தின் பங்கும் பிரிக்கப்படவில்லை. கல்லச்சிலும் பின்னர் ஆஃப்செட்டிலும் வண்ணம் மாறும், நுண்ணிய நிழல்கள் மறையும். அச்சுப்படியை மட்டும் கண்டு கூறப்படும் கருத்து அச்சகத்தின் மீதான கருத்தும்கூட. ரவிவர்மாவின் மூல ஓவியங்களைத் திருவனந்தபுரத்தில் நேரில் பார்த்து மதிப்பிடலாம். கொண்டையராஜுவைப் பெரும்பாலோர் அறிந்தது மலிவான தாளில். அத்தாளைச் சுவரின் ஈரமும் கரையானும் விளக்குப்புகையும் அழிக்கின்றன.

ஆகவே கோவில்பட்டி மரபின் மூல ஓவியங்களையும் அச்சுப்படிகளையும் அருகருகே வைத்துக் காண வேண்டியுள்ளது. மூலம் ஓவியரின் கைத்திறனைக் காட்டும். மஞ்சளும் குங்குமமும் படிந்த அச்சுப்படி அந்த ஓவியம் மக்களிடம் வாழ்ந்த விதத்தைக் காட்டும். இரண்டில் ஒன்று அழிந்தாலும் கொண்டையராஜுவைப் பற்றிய மதிப்பீடு பாதியே ஆகும்.