குடும்ப இசையும் குடும்பப் பெண்ணும்

கோடை விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்கில் சில நாட்கள் தங்கியிருந்தோம். மேற்கே மலைத்தொடர். மலைமேல் ஏலமும் தேயிலையும். அடிவாரத்தில் நெல்லும் தென்னையும் திராட்சையும். 1895இல் பெரியாற்று அணை எழுந்து, மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றைக் கிழக்கே திருப்பிய நாள்தொட்டு, மனித முயற்சியின் வெற்றிக்கு இந்தப் பள்ளத்தாக்கு சான்று கூறி நிற்கிறது. வரம் கேட்டு வந்த தண்ணீர் அன்று அது. மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர். முயற்சியின் பயனை நாள்தோறும் அருந்தி வாழும் அந்த மக்களிடையே, கலையையும் முயற்சியின் பயனாகவே போற்றுவார்கள் என்று எண்ணிச் சென்றோம். கண்டது என்ன?

நாம் தங்கியிருந்த ஊரில் ஓர் இரவு இன்னிசைப் பல்சுவை நிகழ்ச்சி. சுவரொட்டி நம்மை ஈர்த்தது. ஒரு தந்தையின் பெயர் பெரிய எழுத்தில்; அவருடைய மகன்கள் மூவரின் பெயரும் படமும் அதனை அடுத்து; அடியில் சிறிய எழுத்தில், ‘மற்றும் குடும்பத்தினர்’. ஒரே குடும்பத்தார் கூடி நடத்தும் குழு என்றால் அதில் ஓர் இசைவும் இணக்கமும் இருக்கும் அல்லவா? ஆவலோடு சென்று மண் தரையில் அமர்ந்தோம். குழுவின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே நாம் எழுதப் போவதில்லை. நாம் காட்டப் போகும் குறை ஒரு குடும்பத்தின் குறை அன்று. ஊரெல்லாம் உள்ள குறை.

நிறைகளை முதலில் கூறுவது முறை. மூத்த மகனுடைய தவில் அன்றைய இரவின் உயிர்நாடி. நையாண்டி மேளத்தின் வேகத்தையும், அது தணிந்து நிற்கும் இடத்தின் அழகையும் அறிந்தவர் அவர். பம்பையும் உறுமியும் சேர்ந்து ஒலித்தபோது, கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள்கூட உறங்கிய பிள்ளையை மடியில் கிடத்திவிட்டுத் தாளம் போட்டனர். ஆர்மோனியத்தில் விரல் பழகிய தந்தை இன்று மின்விசைப் பலகையை வாசிக்கிறார். ஆனால் பழைய பிடி விடவில்லை. எந்தப் பாடகர் சுருதி விலகினாலும் அவர் விரல் சென்று கைதூக்கி விடுகிறது. இது எளிதில் வருவதன்று.

குறைகளும் உண்டு. முதல் அரைமணி நேரம் பொன்னாடைக்குப் போயிற்று. நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வேலியாக நின்றது. பாடிய பாடல்களில் பெரும்பாலானவை திரைப்படப் பாடல்கள். அதிலும் இசைத்தட்டில் உள்ளதை அப்படியே எடுத்து ஒப்பிப்பது. அச்சு மாறாமல் ஒப்பிப்பதற்குக் கருவி போதுமே, கலைஞர் எதற்கு? நகைச்சுவை என்ற பெயரில் நடந்ததைப் பற்றிச் சொல்லவும் நா கூசுகிறது. கறுப்பு நிறத்தவள் மணப்பெண்ணாக வந்தால் மின்விளக்கை அணைக்க வேண்டியதில்லை என்றொரு துணுக்கு. மனைவியை அடிப்பவன் வீரன் என்றொரு துணுக்கு. கேட்டுக்கொண்டிருந்த கூட்டமோ வெயிலில் உழைத்துக் கறுத்த கூட்டம்! தன் தோலைத் தானே எள்ளி நகைக்கும்படி ஒரு கூட்டத்தைப் பழக்குவதா நகைச்சுவை? நகைச்சுவை இழிவைச் சுட வேண்டும்; இழிந்தோரைச் சுடக் கூடாது.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியவை. நம் நெஞ்சை வருத்திய செய்தி வேறு.

நள்ளிரவு கடந்தபின் அந்தக் குடும்பத்தின் மகள் மேடையின் முன்னே வந்தாள். அதுவரை அண்ணன்மார்களின் பின்னே ஒரு நாற்காலியில் அமர்ந்து கூட்டுக்குரல் கொடுத்துக்கொண்டிருந்தவள். கருவிகள் ஓய்ந்தன. தன் பாட்டியிடம் கற்றதாகக் கூறி, வயலில் நாற்று நடும் பெண்கள் பாடும் பாட்டொன்றைத் தனிக்குரலில் பாடினாள். அதிலே குலுக்கல் இல்லை. மயக்கு மொழி இல்லை. முதுகு வலியும் சேற்று வாடையும் மாலைக் கூலியும் இருந்தன. அந்தப் பாட்டு எந்தப் படத்திலும் வந்ததில்லை. எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை. கூட்டம் பேச்சை நிறுத்திற்று. அன்றைய இரவில் நாம் கேட்ட கலை அதுவே என்று தயக்கமின்றிக் கூறுவோம்.

பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் ஒலிபெருக்கியைப் பற்றினார். “இது தெய்வம் கொடுத்த வரம்! பரம்பரையாய் இரத்தத்திலேயே ஊறிய இசை! இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. ஆவணியில் தங்கைக்குத் திருமணம். இதுதான் தங்கைக்குக் கடைசிக் கச்சேரி!”

கூட்டம் கைதட்டிற்று. நம் கைகள் எழவில்லை.

சிந்தியுங்கள் நண்பர்களே! இரத்தத்தில் ஊறியது இசை என்கிறார். அப்படியானால் ஆவணியில் தாலி ஏறியவுடன் இரத்தம் மாறிவிடுமா? தெய்வம் கொடுத்த வரம் என்கிறார். அந்த வரத்தைத் திரும்பப் பெற மாமனார் வீட்டுக்கு அதிகாரம் தந்தது யார்? தவில் வாசித்த மூத்த மகனுக்குச் சென்ற ஆண்டுதான் திருமணம் நடந்ததாம். அவருக்கு எவரும் ‘கடைசிக் கச்சேரி’ அறிவிக்கவில்லையே! ஒரே வீடு, ஒரே தந்தை, ஒரே பயிற்சி. மணமாலை அண்ணனுக்கு அணிகலன், தங்கைக்கு வாய்ப்பூட்டு. இது என்ன நியாயம்?

இரத்தம் என்னும் இந்தப் பேச்சையே சற்று ஆராய்வோம். அதற்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. இதே பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள பண்ணைப்புரத்திற்குப் போனால் போதும்.

பாவலர் வரதராசன், பாஸ்கர், இன்று உலகம் இளையராஜா என்றறியும் இராசையா, கங்கை அமரன் ஆகிய உடன்பிறந்தார் கூடிய ‘பாவலர் பிரதர்ஸ்’ குழு, தமிழகம் அறிந்த குடும்ப இசைக் குழு. பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் வளர்ந்த குழு அது. எந்தக் கட்சியின் மேடை என்பது இங்கே நம் வினா அன்று. அங்கே இசை என்ன செய்தது என்பதே வினா. 1958இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழும் பகுதி. ரோசம்மா புன்னூஸ் என்னும் பெண்மணி வேட்பாளர். பாவலர் வரதராசன் மலையேறிச் சென்று தொழிலாளரிடையே பாடினார். அந்த அம்மையார் வென்றார். மக்கள் அறிந்த திரைப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் தொழிலாளியின் துயரையும் உரிமையையும் சொல்லாக வைத்துப் பாடுவது பாவலரின் வழக்கம். மெட்டு இரவல், கருத்து சொந்தம். இன்றைய குழுக்களோ மெட்டையும் சொல்லையும் மூச்சையும் இருமலையும்கூட இரவல் வாங்குகின்றன! திரைப்பாட்டைப் பாடாதே என்று நாம் கூறவில்லை. பாவலரைப் போல அதனை ஆண்டுகொள், அதற்கு அடிமையாகாதே என்கிறோம்.

இந்த உடன்பிறந்தார் சங்கீத சபைகளின் வாயிலில் வளர்ந்தவர் அல்லர். இசையைக் குலத்தொழிலாகக் கொண்ட மரபில் வந்தவரும் அல்லர். சாதியின் பெயரால் ஊரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர்கள். இராசையா 1943இல் பிறந்தவர். பதினான்கு வயதளவில் அண்ணனின் குழுவில் சேர்ந்து, ஊர் ஊராய் அலைந்து, இரவெல்லாம் வாசித்து, 1968இல் சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுத்தெழுத்தாகக் கற்றவர். 1976இல் ‘அன்னக்கிளி’. 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவரது சிம்பொனி அரங்கேறிற்று. இதிலே இரத்தம் செய்தது எது? ‘பரம்பரை’ என்னும் தத்துவம் மெய்யானால் பண்ணைப்புரத்தில் இந்த இசை முளைத்திருக்கவே முடியாதே! பயிற்சி செய்தது, பசி செய்தது, வாய்ப்பளித்த மேடை செய்தது என்பதே உண்மை.

ஆனால் அந்தப் பெருமைமிக்க குழுவின் வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. சிறுவன் இராசையா அந்நாளில் மேடையில் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்ததும் அது முடியாமற் போயிற்று. இதனைக் குறும்பான கதையாகச் சொல்லிச் சிரிப்பார் உண்டு. நமக்கோ இதில் ஒரு காலத்தின் நிலை தெரிகிறது. வயலெல்லாம் பெண் குரல். தாலாட்டெல்லாம் பெண் குரல். ஒப்பாரியெல்லாம் பெண் குரல். ஆயினும் மேடைக்குப் பெண் குரல் வேண்டுமென்றால் ஒரு சிறுவனின் தொண்டையைக் கடன் கேட்க வேண்டியிருந்தது!

ஏன் இந்த நிலை? தமிழ்நாட்டில் பெண்கள் பொதுவில் பாடியதே இல்லையா? பாடினர். வீணை தனம்மாளின் வீட்டில் இசை, பெண் வழியாகவே இறங்கிற்று. பேத்தியர் பிருந்தா, முக்தா இசையிலும், பாலசரசுவதி ஆடலிலும் ஈடில்லாதவர். மதுரைச் சண்முகவடிவின் வீணைக்கு மகளாய் வந்தவர்தாம் எம்.எஸ். சுப்புலட்சுமி. ஆயின் அத்தகைய குடும்பங்களில் பிறந்த பெண்களின் கலையைச் சுவைத்த சமுதாயம், அவர்களை மனைவியாக மதிக்க மறுத்தது. தாசி என்றது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் போராடிய பின்னர், 1947இல் சட்டம் அந்தக் கொடிய முறையை ஒழித்தது. முறை ஒழிந்தது; எண்ணம் ஒழிந்ததா? ‘பாடுபவள் குடும்பப் பெண் அல்லள், குடும்பப் பெண் பாடலாகாது’ என்னும் நச்சு வேர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அந்த வேரிலிருந்து முளைத்ததுதான் ‘கடைசிக் கச்சேரி’.

இது தமிழனுக்கு மட்டும் வந்த நோயும் அன்று. ஐரோப்பாவில் லியோபோல்டு மொசார்ட்டு என்னும் இசைஞர் தம் இரு மக்களையும் அழைத்துக்கொண்டு 1763 முதல் 1766 வரை நகரம் நகரமாகச் சென்று குடும்பக் கச்சேரி நடத்தினார். மகள் 1751இல் பிறந்த மரியா அன்னா. மகன் அவளினும் நான்கரை ஆண்டு இளையவன். இருவரையும் கண்டு அரண்மனைகள் வியந்தன. மகள் பருவமடைந்தாள். 1769இல் தந்தையும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டனர். மகள் தாயோடு வீட்டில் விடப்பட்டாள். தம்பி, உலகம் போற்றும் மொசார்ட்டு ஆனான். தமக்கை 1784இல் மணமாகிச் சிற்றூர் ஒன்றில் குடியேறினாள். ஒரே தந்தை, ஒரே கருவி, ஒரே பாடம். அங்கும் இரத்தம் குறுக்கே நிற்கவில்லை, வழக்கம் நின்றது.

நிகழ்ச்சி முடிந்து கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னே துணிமணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மையார் அந்தப் பெண்ணின் தாய். “அம்மா, உங்கள் மகள் திருமணத்திற்குப் பின்னும் பாடலாமே!” என்றோம்.

“அது அவுங்க வீட்டு ஆளுக சொல்றதப் பொறுத்ததுய்யா” என்றார். சிறிது நேரம் கழித்து, நாம் கேளாமலே, “நானும் பாடிக்கிட்டிருந்தவதான். கலியாணத்துக்குப் பெறகு யாரும் பாடச் சொல்லல. நானும் பாடல” என்று சொல்லிவிட்டு, மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

பாடாதே என்று எவரும் அவரை அடிக்கவில்லை, தடுக்கவில்லை. பாடு என்று சொல்லவில்லை, அவ்வளவே. ஒரு குரலைக் கொல்ல இது போதும்.

‘பிழைப்புக்காகப் பாடும் எளிய குடும்பத்தை ஏன் குறை கூறுகிறீர்?’ என்று சிலர் கேட்கலாம். அந்தத் தந்தையை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மகளைப் பலர் கூடிய மேடையில் பாட வைத்தவர் அவர். அவருடைய தந்தை அதைக்கூடச் செய்திருக்க மாட்டார். பாதி வழி வந்தவரை மீதி வழியும் வா என்று அழைப்பது பகையாகாது. ஆனால் ஒன்றைக் கூறியே ஆகவேண்டும். ‘குடும்பம்’ என்னும் இனிய சொல் சில வேளைகளில் கூலியை மறைக்கும் திரையாகிறது. பெயரை விழுங்கும் வாயாகிறது. மகன்களின் உழைப்புக்குப் பெயரும் பங்கும் உண்டு. மகளின் உழைப்பு ‘மற்றும் குடும்பத்தினர்’ என்னும் அடிவரிக்குள் அடங்கிவிடுகிறது.

மாற்றம் வாராது என்று எவரும் சோர வேண்டியதில்லை. பண்ணைப்புரத்துக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். இளையராஜாவின் மகள் பவதாரிணி, ‘பாரதி’ படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றார். 2002இல் வந்த ‘மித்ர், மை பிரண்ட்’ படத்திற்கு இசையமைப்பாளராகவும் விளங்கினார். 2024 சனவரியில் அவர் மறைந்தபோது தமிழகம் ஒரு கலைஞராகவே அவரை எண்ணி வருந்தியது. பெண் குரலுக்காகச் சிறுவனைத் தேடிய காலத்திலிருந்து, பெண்ணே இசையமைக்கும் காலத்திற்கு ஒரே குடும்பம் ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தது. சென்னையில் செல்வாக்குள்ள வீட்டில் நடந்தது, சின்னஞ்சிறு ஊரில் நடக்க வேண்டாமா?

நடத்த வேண்டியவர்கள் நீங்கள். ஊர்தோறும் விழாக்குழுவில் இருப்பவர்கள் இளைஞர்கள். சுவரொட்டி அச்சிடுபவர்கள் இளைஞர்கள். முன்பணம் கொடுத்துக் குழுவை அமர்த்துபவர்களும் இளைஞர்களே. அமர்த்தும்போதே கூறுங்கள்: பாடும் பெண்ணின் பெயர் பாடும் ஆணின் பெயரளவுக்கு அச்சாக வேண்டும், அவளுடைய பங்கு அவள் கையில் சேரவேண்டும், நிறத்தையும் மனைவியையும் பழிக்கும் துணுக்கு எங்கள் மேடையில் கூடாது, நம் பாட்டிகளின் வயல் பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். காசு கொடுப்பவர் கேட்டால் குழு மறுக்காது.

இன்னொன்றும் செய்யலாம். ஆவணி போகட்டும், தை வரட்டும். மணமாகிச் சென்ற அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டுக்கு, அவள் பெயரிட்டு, ‘எங்கள் ஊருக்கு வந்து பாடுங்கள்’ என்று ஓர் அழைப்பு அனுப்பலாம். அவள் தாயிடம் எவரும் சொல்லாத சொல் அது. கணவரும் உடன் வரட்டும், மாமியாரும் வரட்டும். முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்.

மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பிய பள்ளத்தாக்கு அது. ஒரு பாட்டை வீட்டுக்குள்ளிருந்து மேடைக்குத் திருப்ப முடியாதா?