கவணில் சுழலும் கல்

வட்ட இயக்கத்தைக் காட்டக் கவணைவிட நல்ல கருவி கிடையாது. 100 கிராம் கல்லை 1 மீட்டர் ஆரத்தில், வினாடிக்கு 2 சுற்று என்று கிடைமட்டமாகச் சுழற்றினால், வார் அதை உள்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 16 நியூட்டன். கல்லின் எடையைப்போல் பதினாறு மடங்கு! வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். கை வெளியே இழுபடுகிறதே, அப்படியானால் கல்லையும் ஏதோ வெளியே தள்ளுகிறதல்லவா என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இழுப்பு கையின்மேல் செயல்படுவது, கல்லின்மேல் அல்ல. வாரின் ஒரு முனையை விட்டதும் உண்மை தெரிந்துவிடும். வெளித்தள்ளும் விசை இருந்தால் கல் ஆரத்தின் திசையில் ஓட வேண்டும். அதுவோ தொடுகோட்டில் பாய்கிறது. தலைக்குமேல் கவண் சுழற்றுபவர், கல் பக்கவாட்டில் இருக்கும்போதே முனையை விடுவது இதனால்தான். சுழலும் சட்டகத்திலிருந்து பார்ப்பவருக்கு மையவிலக்கு விசை கணக்குக்கு உதவும், மறுக்கவில்லை. தரையில் நின்று பார்ப்பவருக்கு அது தேவையே இல்லை.