குத்தூசிக்கு மாற்று உண்டா?

ஓடும் குதிரையில் அங்கவடி வார் பிரிந்தால் ஆள் கீழே விழுவார். அதனால் சேணத் தையலை அழகை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. உறுதி, செப்பனிடும் வசதி, உழைப்பு மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேணத் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் வால்சால் நகரில் வேரூன்றிய முறை இது: தோலை மரக்கவ்வியில் இறுக்கி, கவ்வியை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொள்வார்கள். பல்லிரும்பைத் தட்டித் தையல் தடத்தைக் குறிப்பார்கள், துளையிடுவது குத்தூசி. அதன் அலகு சாய்சதுர வடிவில் இருப்பதால் தோலைப் பிளந்து விலக்குமே தவிர வெட்டி எடுக்காது. மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, இரண்டையும் ஒரே துளையில் எதிரெதிராக வாங்கி இழுத்ததும், பிளவு மூடி நூலைக் கவ்விக்கொள்ளும்.

தையல் இயந்திரம் பல மடங்கு வேகமானது. ஆனால் அதில் மேல்நூலும் அடிநூலும் தோலுக்குள் பின்னிக்கொள்கின்றன. ஒன்று தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். கைத்தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்து நிற்கும். பழைய வாரைத் திரும்பத் தைக்கையில் கை பழைய துளைகளிலேயே செல்லும். இயந்திர ஊசி புதுத் துளை போட்டு வாரை மேலும் நலிவாக்கும். ஆனால் கைத்தையல் பிரியவே பிரியாது என்பது மிகை. நூல் மட்கினால் எந்தத் தையலும் போகும்.

இன்று பலர் குத்தூசியை விட்டு, தோலை முழுவதும் துளைக்கும் பல் உளிக்கு மாறிவிட்டார்கள். பணப்பைக்கும் மெல்லிய பட்டைக்கும் அது தகும். புதியவருக்கும் சீரான வரிசை கிடைக்கும். தடித்த சேண வாரிலோ உளி சிக்கும். ஆட்டிப் பிடுங்கினால் துளை அகலும், சற்றே சாய்ந்தாலும் பின்புற வரிசை கோணும். குத்தூசிக்கும் குறை உண்டு: அலகு மழுங்கினாலோ கை சாய்ந்தாலோ பின்பக்கம் நெளியும். ஆனால் அதைத் தீட்டலாலும் பழக்கத்தாலும் திருத்தலாம்.

எனவே அலங்காரப் பொருளுக்குப் பல் உளி போதும். எடை தாங்காத பாகத்துக்கு இயந்திரமும் தவறில்லை. ஆள் எடையைத் தாங்கும் வாருக்குக் குத்தூசிக்கு மாற்று இல்லை. சேணம் வாங்குவோர் அங்கவடி வாரைத் திருப்பிப் பின்பக்கத் தையலையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.