எரோஸும் வள்ளி மணாளனும்

காங்கேசன்துறை என்னும் பெயருக்குள் ஒரு காதலன் இருக்கின்றான். காங்கேயன் என்பது முருகன் பெயர். அவனது திருவுருவம் வந்திறங்கிய துறை இது என்பது ஊர் வழக்கு. வேடர் குடியில் வளர்ந்த வள்ளியைத் தினைப்புனத்தில் கண்டு, களவிற் கூடி, மணந்தவன் அவன். அக்கதையைக் கிரேக்கரின் 'எரோஸ்' என்ற சொல்லோடு வைத்து நோக்குவது வெறும் புலமை விளையாட்டன்று.

எரோஸ் காதலுக்குப் பெயர். காதல் தெய்வத்துக்கும் பெயர். பழங்கவி ஹெசியொட், ஆதி வெறுமையையும் பூமியையும் அடுத்துத் தோன்றிய முதற் சக்திகளுள் ஒன்றாக அதனைப் பாடினான். பிற்காலத்திலோ அச்சக்தி அம்பெய்யும் சிறுவனாகச் சுருங்கிற்று. பிளேட்டோவின் 'விருந்து' வேறொரு பிறப்பைக் கூறும்: எரோஸின் தாய் வறுமை, தந்தை வளம். அவன் செருப்பின்றி, வீடின்றி, பிறர் வாசல்களில் உறங்குபவன்; இல்லாமையை உணர்ந்து நிறைவைத் தேடுபவன்.

நமது 'காமம்' என்ற சொல்லும் சுருங்கியே வந்துள்ளது. சங்கப் புலவர் அதனைத் தயக்கமின்றி வழங்கினர். திருக்குறளில் 25 அதிகாரங்கள் அப்பெயரின் கீழ் அமைந்தன. இன்றோ வகுப்பறையில் அதனை உச்சரிக்க நம்மிற் பலர் கூசுகின்றோம். காரணம் ஒழுக்கம் மட்டுந்தானா? காணியும் சீதனமும் சாதியும் மணத்தை நிச்சயிக்கும் சமுதாயத்துக்குத் தானே துணை தேடும் காதல் ஆபத்தானது. ஆகவே வாழ்விலே அது பழிக்கப்படுகின்றது; புராணத்திலே பூசிக்கப்படுகின்றது.

கிரேக்க வீரப் பாடல்களையும் தமிழ் வீரப் பாடல்களையும் ஒப்புநோக்கிய கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அதே ஆண்டிலேதான், காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழையும் உரிமை கேட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். வேடர் மகளை மணந்த தெய்வத்தின் வாசலிலே சாதி காவல் நின்றது! வாசலில் உறங்கும் எரோஸை அங்கே நினையாமல் இருக்க முடியுமா?

கந்தபுராணக் கலாசாரத்தின் வாரிசுகள் எனப் பெருமை கொள்வோரிடம் ஒரு கேள்வி: உங்கள் மகனோ மகளோ குலங்கடந்து காதலித்தால், அதற்கு என்ன பெயர் சூட்டுவீர்கள்? காதல் என்றா, காமம் என்றா, களங்கம் என்றா? சொல்லின் உண்மைப் பொருள் அகராதியில் மட்டும் இல்லை. அந்த விடையிலும் இருக்கின்றது. எழுத்தாளர்கள் விசாரிக்க வேண்டியது அதனையே.