அகராதிச் சீட்டும் ஆய்வின் வெளிப்படைத்தன்மையும்

புனேயின் விமான் நகருக்கு அண்மையில், எரவாடாவில் அமைந்துள்ள டெக்கான் கல்லூரியில் ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்சீட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஒரு வடசொல், அது பயின்றுவந்த தொடர், நூற்பெயர், இடக்குறிப்பு ஆகியவற்றை இச்சீட்டுகள் தாங்கியுள்ளன. 1948இல் எஸ். எம். கத்ரே தொடங்கிய வரலாற்று முறைச் சமற்கிருதப் பேரகராதித் திட்டத்திற்காக, இருக்கு வேதம் முதலாகச் சுமார் 1500 நூல்களிலிருந்து தொகுக்கப்பட்டவை இவை. ஏ. எம். காட்கேயின் பதிப்பாசிரியத்தில் முதற்பகுதி 1976இல் அச்சேறியது. முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்த பின்னரும் அகராதி அகர முதற்சொற்களின் எல்லையிலேயே நிற்கிறது. காலத்தாழ்வைக் குறை கூறுவது எளிது. அது இங்கு நோக்கமன்று. அச்சேறாத எழுத்துகளுக்குரிய சான்றுகளைப் பிற ஆய்வாளர் எவ்வாறு காண்பது என்பதே ஆராயத்தக்கது.

ஆய்வின் வெளிப்படைத்தன்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆய்விதழ்கள் கட்டணமின்றிக் கிடைப்பதோடு முடிந்துவிடுகிறது. 2021இல் யுனெஸ்கோ ஏற்ற திறந்த அறிவியல் பரிந்துரை, கட்டுரைகளோடு தரவுகளையும் திறந்துவைக்க வேண்டும் என்கிறது. அகராதியியலில் இவ்வேறுபாடு மிகக் கூர்மையானது. அகராதிப் பதிவு ஒரு முடிபு, சீட்டே சான்று. பத்துச் சீட்டுகளுள் மூன்றைத் தேர்ந்து பதிப்பாசிரியர் பொருள் வரையறுக்கிறார். எஞ்சிய ஏழும் அப்பொருளோடு ஒத்தனவா, முரணினவா என்பதைப் பயனாளர் அறிய வழியில்லை. முடிபை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் மலிவு உண்டாகும். சரிபார்க்கும் வாய்ப்பு உண்டாகாது.

இதன் பயனைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஓரளவு அறிந்தவரே. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பல பொருள்களின் இறுதியில் பிறைக்குறிக்குள் திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவற்றின் சுருக்கக் குறியீடு மட்டுமே காணப்படும். அப்பொருளுக்கு அங்குக் காட்டப்படும் சான்று நிகண்டே, இலக்கிய ஆட்சியன்று என்பதை அக்குறியீடு உணர்த்திவிடுகிறது. அதைப் பொருட்படுத்துபவர் அப்பொருளை மொழிபெயர்ப்பில் ஏற்றத் தயங்குவார். பொருட்படுத்தாதவர் எவரும் வழங்காத பொருளை மூலத்தின் மேல் ஏற்றிவிடுவார். இத்தகைய சிறு குறியீட்டையும் விட்டுவிட்டுப் பொருளை மட்டும் நிரல்படுத்தும் கையகராதிகள் பெருகியமை வருந்தத்தக்கதே.

சீட்டுகளைத் திறந்துவிடுவதற்கு எதிரான தடையும் புறக்கணிக்கத்தக்கதன்று. சீட்டுகளில் படியெடுப்புப் பிழைகள் இருத்தல் இயல்பு. அவை எழுதப்பட்ட காலத்துப் பதிப்புகள் பலவற்றிற்குப் பின்னர்த் திருந்திய பதிப்புகள் வந்துள்ளன. முடியாத பணியைப் பிறர் கண்முன் வைத்தால் தவறான முடிபுகள் பரவும் என்ற அச்சம் அறிஞர்க்கு என்றும் உண்டு. இவ்வச்சத்திற்கான விடை புனேயிலேயே கிடைக்கிறது. வி. எஸ். சுக்தங்கர் 1925இல் பொறுப்பேற்றுச் செம்மைப்படுத்திய நெறியில், பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1966இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பில், ஐயத்திற்கிடமான பாடங்களின் கீழ் அலைக்கோடு இடப்பட்டிருக்கும். பக்கத்தின் அடியில் பாடவேறுபாடுகள் நிரம்பியிருக்கும். தஞ்சை சரசுவதி மகாலில் ஒப்புநோக்கப்பட்ட தென்னாட்டுச் சுவடிகளின் பாடங்களும் அவற்றுள் அடங்கும். பதிப்பாசிரியர் தள்ளிய பாடத்தைக் கொண்டே அவரை மறுக்க இயலும் நிலை இதனால் ஏற்பட்டது. தென்னாட்டு மரபு பற்றிய பிற்கால விவாதங்களுக்கு அந்த அடிக்குறிப்புகளே களமாயின. ஐயத்தை மறைப்பதினும் ஐயத்திற்குக் குறியிடுதல் பதிப்பின் மதிப்பை உயர்த்தியதேயன்றிக் குறைக்கவில்லை.

அயல்நாட்டு ஒப்பீடு ஒன்றும் இங்குப் பொருந்தும். 1894இல் தொடங்கப்பெற்று மியூனிக்கில் நடைபெற்றுவரும் இலத்தீன் பேரகராதியும் ஒரு கோடி அளவிலான சீட்டுகளின் மீதே எழுந்தது. அதுவும் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதன் வெளிவந்த பகுதிகள் 2019 முதல் இணையத்தில் கட்டணமின்றி வைக்கப்பட்டுள்ளன. சீட்டகத்தை வருகை ஆய்வாளர்கள் பயன்படுத்துகின்றனர்.

டெக்கான் கல்லூரிச் சீட்டுகளை மின்வடிவாக்கும் பணி மேற்கொள்ளப்பட்டுள்ளமை வரவேற்கத்தக்கது. எனினும் சீட்டின் படம் மட்டும் போதாது. எந்தப் பதிப்பிலிருந்து தொடர் எடுக்கப்பட்டது என்பதும், பின்வந்த பதிப்பில் அவ்விடம் மாறியுள்ளதா என்பதும் உடன் சுட்டப்படல் வேண்டும்; ஐயமுள்ள சீட்டுக்கு அலைக்கோடு போன்றதொரு குறியும் வேண்டும்.

திராவிட மொழியியலார்க்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. வடமொழியில் வழங்கும் 'நீர', 'மீன' முதலிய சொற்கள் திராவிட மூலத்தன என்பது பர்ரோ முதலியோர் விரிவாக ஆராய்ந்த கருத்து. ஒரு சொல் எந்நூலில் முதன்முதல் தோன்றுகிறது, எத்தொடரில், எத்துணை முறை என்பவற்றைக் கொண்டே இக்கருத்தை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலும். அகராதி அகரத்தைக் கடந்து நகரத்தையும் மகரத்தையும் அடைய இன்னும் எத்தனை தலைமுறைகள் ஆகுமோ! அச்சொற்களுக்கான சான்றுகள் எரவாடாவில், எழுதப்பெற்ற சீட்டுகளில், ஏற்கெனவே உள்ளன.